ஸ்கூட்டர் புக் பண்ணி நாலு வாரம், பைக் கைமேல் இருக்கிறதாம்: காத்திருப்பதா, மாற்றுவதா?

கொடிக்கால் பையன் | 4 அக்டோபர் 2025, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஊர் ஆத்தூர். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், தாமிரபரணிக்குப் பக்கம். வெற்றிலைக்குப் பேர்போன ஆத்தூர்தான். வேலை தூத்துக்குடியில். போக 22, வர 22, ஆக தினமும் 44 கிலோமீட்டர். இப்போது ஓட்டுவது அப்பாவின் பழைய எக்ஸ்எல் சூப்பர். கொடிக்காலிலிருந்து வெற்றிலைக் கட்டு ஏற்றிக்கொண்டு போக அதைவிட நல்ல வண்டி கிடையாது. ஆனால் தினம் 44 கிலோமீட்டருக்கு அதுவும் பாவம், என் முதுகும் பாவம்.

செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறையப்போகிறது என்று தெரிந்ததும், 8ஆம் தேதியே ஒரு 125 சிசி ஸ்கூட்டருக்கு 5,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிட்டேன். ஆயுத பூஜைக்கு வண்டி வாசலில் நிற்கும் என்றார்கள். ஆயுத பூஜையும் வந்தது. எக்ஸ்எல்லுக்கே மறுபடி சந்தனப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் ஏற்றினேன்.

இப்போது கேட்டால் "தீபாவளிக்கு முன்னால் பார்க்கலாம் சார்" என்கிறார்கள். எந்தத் தீபாவளி என்று சொல்லவில்லை. அதே கடை வாசலில் 100 சிசி பைக் நாலு நிற்கிறது. "இதை எடுத்துக்குங்க சார், நாளைக்கே சாவி, மைலேஜும் கூட" என்கிறார் விற்பனைப் பையன். அட்வான்ஸை அப்படியே மாற்றிக்கொள்ளலாமாம்.

காத்திருக்கவா, பைக்கை எடுத்துவிடவா? கடை பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம். சின்ன ஊர், நாளைக்கும் அங்கேதான் சர்வீஸுக்கு நிற்க வேண்டும்.

நாலு கியர் | 4 அக்டோபர், இரவு 10:05

இதில் யோசிக்க என்ன இருக்கிறது அண்ணாச்சி. பைக்கை எடுங்கள். கணக்கு போடுவோம். மாதம் 26 நாள் என்றால் 1,144 கிலோமீட்டர். ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுத்தால் இருபத்தைந்தரை லிட்டர். 100 சிசி பைக் கண்ணை மூடிக்கொண்டு 60 கொடுக்கும், 19 லிட்டர். பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் மாதம் 640 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு ஏழாயிரத்து எழுநூறுக்குக் கொஞ்சம் குறைவு. வரி குறைந்ததால் ஸ்பிளெண்டர் பிளஸ்ஸில் குறைந்ததே 6,820 ரூபாய்தான். அரசாங்கம் ஒரு தடவை கொடுப்பதை பைக் வருஷா வருஷம் கொடுக்கும்.

அப்புறம் டேங்க். ஸ்கூட்டருக்கு ஐந்து லிட்டர் சொச்சம், ஐந்து நாளைக்கு ஒரு முறை பங்கில் நிற்க வேண்டும். ஸ்பிளெண்டருக்கு 9.8 லிட்டர். பன்னிரண்டு நாள் பங்க் பக்கமே போக வேண்டாம்.

ஸ்பேனர் 10-11 | 5 அக்டோபர், காலை 6:50

பட்டறை திறக்கும் முன் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

நாலு கியர் தம்பி கணக்கு சரி. ஆனால் பெட்ரோல் மட்டும் கணக்கு இல்லை. முதலில் ரோடு. ஸ்கூட்டருக்குப் பின் சக்கரம் பலதில் 10 அங்குலம், முன்னால் 12. 100 சிசி பைக்குக்கு இரண்டும் 17 அல்லது 18. பள்ளத்தில் இறங்கும்போது வித்தியாசம் இடுப்புக்குத் தெரியும். தினமும் 44 கிலோமீட்டர் ஓட்டினால் ஒரு வருஷத்தில் முதுகே சொல்லிவிடும்.

இரண்டாவது காற்று. அந்தச் சாலையில் ஆடி மாதம் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கவாட்டில் அடிக்கிற காற்றில் ஸ்கூட்டர் முன்பக்கம் அலையும். பைக்கும் அலையும், ஆனால் இரண்டு முட்டிக்கு நடுவில் டேங்க் இருப்பதால் பிடிமானம் உண்டு.

மூன்றாவது உப்பு. இதில் பைக்குக்குத்தான் தோல்வி. உப்பளப் பக்கம் ஓடும் பைக்கின் செயினை நான் நிறைய பார்த்துவிட்டேன். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை துடைத்து எண்ணெய் விட்டால் ஓடும். யார் விடுகிறார்கள்? செயின் துரு பிடித்து, ஸ்பிராக்கெட் பல்லெல்லாம் சுறா பல் மாதிரி கூராகி வரும். ஸ்கூட்டரில் பெல்ட் மூடிக்குள் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பெல்ட் அறுந்தால் வழியில் எவனும் ஒன்றும் செய்ய முடியாது, தள்ள வேண்டியதுதான். கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் மாற்றிவிட்டால் அறுந்துபோகாது. இருபதாயிரம் தாண்டினால் ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்குக் கடையில் கமிஷன் எதுவும் கிடையாது. ரோடு வேலைக்கு பைக், ஊர் வேலைக்கு ஸ்கூட்டர். அவ்வளவுதான்.

வேளச்சேரி வெள்ளம் | 5 அக்டோபர், பிற்பகல் 3:15

சென்னையில் உணவு டெலிவரி ஓட்டுகிறேன், இரண்டையும் ஓட்டியவன் என்ற முறையில். சிக்னலுக்கு சிக்னல் கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது கை மணிக்கட்டு போய்தான் ஸ்கூட்டருக்கு மாறினேன். கால் வைக்கிற இடத்தில் தண்ணீர் கேன் வரை வைக்கலாம். ஆனால் அது இந்த ஊர் டிராஃபிக் கதை. திருச்செந்தூர் ரோட்டில் உங்களுக்கு நாலாவது கியர் போட்டால் முக்காணி பாலம் வரை காலே அசைக்க வேண்டாம். பைக் என்றுதான் நானும் சொல்வேன். ஸ்கூட்டர் பின் டயரும் சீக்கிரம் தேயும், சின்னச் சக்கரம் அதிகம் சுற்றுகிறது இல்லையா.

கொடிக்கால் பையன் | 5 அக்டோபர், இரவு 8:30

மூவருக்கும் நன்றி. பைக் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஸ்பேனர் அண்ணன் செயின் கதையைச் சொல்லிக் கொஞ்சம் பயமுறுத்திவிட்டார், பரவாயில்லை, எண்ணெய் விட்டுக்கொள்கிறேன். நாளை மறுநாள் விடுப்பு, கடைக்குப் போய் மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன்.

மணப்பாறை முறுக்கு | 5 அக்டோபர், இரவு 9:12

ஒரு கேள்வி. நீங்கள் முதலில் எதற்கு ஸ்கூட்டர் புக் பண்ணினீர்கள்? 44 கிலோமீட்டர் அன்றைக்கும் 44தானே. அன்றைக்குத் தெரியாத மைலேஜ் இன்றைக்கு எப்படித் தெரிந்தது? வீட்டில் வேறு யாராவது ஓட்டுவதாக இருந்ததா?

நாலு கியர் | 5 அக்டோபர், இரவு 9:20

அக்கா, அவர் தெளிவாக ஒரு முடிவுக்கு வந்த நேரத்தில் ஏன்?

மணப்பாறை முறுக்கு | 5 அக்டோபர், இரவு 9:31

தெளிவாக வந்தாரா, கடை வாசலில் நின்றதால் வந்தாரா என்றுதான் கேட்கிறேன் தம்பி. எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஒரு பைக் வந்தது. "அவசரத்துக்கு எடுத்தோம்" என்றார்கள். ஆறு வருடம் ஆகிறது. நான் இன்னும் பஸ்ஸுக்குத்தான் நிற்கிறேன்.

கொடிக்கால் பையன் | 6 அக்டோபர், காலை 7:05

அக்கா கேட்டது ராத்திரி முழுக்க மண்டைக்குள் ஓடியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவிக்கு வேலை பக்கத்து ஊரில், ஆறு கிலோமீட்டர். மகளை வழியில் பள்ளியில் விட வேண்டும். காலையில் நான் எக்ஸ்எல்லில் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவதால் இரண்டு பேரும் மினி பஸ்தான். அது ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. தூத்துக்குடிக்குக் கம்பெனி வேன் ஒன்று போகிறது, அதில் வாரம் மூன்று நாள் எனக்கு இடம் கிடைக்கும். அந்த மூன்று நாளும் வண்டி அவளிடம் இருக்கட்டும் என்றுதான் ஸ்கூட்டர் யோசனையே வந்தது. அவளிடம் இருப்பது கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ். பைக்கை எடுத்தால் அவள் தொட முடியாது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆயுத பூஜை ஏமாற்றத்தில் மறந்துவிட்டேன், அல்லது மறந்த மாதிரி இருந்துவிட்டேன்.

ஸ்பேனர் 10-11 | 6 அக்டோபர், காலை 7:20

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அரை மணி நேரம் டைப் பண்ணியிருக்க மாட்டேன். ஸ்கூட்டர். காத்திருங்கள்.

பொன்மலை ரிட்டயர்டு | 6 அக்டோபர், முற்பகல் 11:45

தம்பிகளா, நாலு வாரத்துக்கா இந்தப் புலம்பல்? எங்கள் அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். பஜாஜ் சேத்தக்குக்கு அவர் பணம் கட்டியபோது நான் எட்டாம் வகுப்பு. வண்டி வீட்டுக்கு வந்தபோது எனக்கு வேலையே கிடைத்துவிட்டது. மிகையில்லை. எழுபதுகளில், எண்பதுகளின் தொடக்கத்தில், எட்டு வருடம் பத்து வருடம் என்பது சாதாரணம். கம்பெனி வருஷத்துக்கு எத்தனை வண்டி செய்யலாம் என்பதையே அரசாங்க லைசென்ஸ்தான் முடிவு செய்தது. வாங்க ஆள் இருந்தும் கூடுதலாகச் செய்ய முடியாது.

அந்த அலாட்மென்ட் சீட்டுக்கே தனி மவுசு. வண்டியை ஷோரூமிலிருந்து எடுத்து அப்படியே அடுத்தவருக்குக் கொடுத்தால் விலைக்கு மேல் விலை கிடைக்கும். வெளிநாட்டுப் பணமாகக் கட்டினால் வரிசையில் நிற்க வேண்டாம் என்றும் ஒரு வழி இருந்தது. அதனால் வளைகுடாவில் மாமன் மச்சான் இருந்தவன் வீட்டில் சேத்தக், மற்றவன் வீட்டில் சைக்கிள். ஸ்கூட்டரோடு வருகிற மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கப் போட்டி போட்ட காலம் அது.

பொறுக்க முடியாதவர்கள் மோட்டார் சைக்கிள் பக்கம் போனார்கள். புல்லட்டும் ராஜ்தூத்தும் ஜாவாவும். எங்கள் தெருவில் ஒருவர் சேத்தக்குக்குப் பணம் கட்டிவிட்டு, ஏழாவது வருடம் வெறுத்துப்போய் ராஜ்தூத் எடுத்தார். எடுத்த ஆறாவது மாதம் சேத்தக் வந்துவிட்டது! அதை லாபத்துக்கு விற்று மகளுக்குக் காதில் தோடு போட்டார். 1980இல் டிவிஎஸ் 50 வந்த பிறகுதான் நம்மைப் போன்றவர்களுக்கு மூச்சு வந்தது. கேட்டால் கிடைத்த வண்டி அது.

இன்றைக்குக் கேட்டால் கிடைக்காதது அபூர்வம் என்பதால்தான் கிடைக்காதபோது கோபம் வருகிறது.

கொக்குவில் காற்று | 6 அக்டோபர், மாலை 5:50

ஐயா எழுதியதை வாசிக்க எங்கட கதை ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், டொலர் இல்லை என்று. திரும்பத் திறந்தது இந்த வருடம் பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் ஓடிப் பழசான ஸ்கூட்டி புதிதாய் வாங்கிய விலைக்கு மேலே போனது. ஓடாமல் வைத்திருந்தவர் பணக்காரர். 2022இல் பெற்றோல் பங்கீட்டுக்குக் கொடுத்த கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல்தான் மோட்டார் சைக்கிளுக்கு. அந்த நாட்களில் 100 சிசி வைத்திருந்தவர் ராசா. ஸ்கூட்டிக்காரர் நாங்கள் வியாழக்கிழமையே சைக்கிளுக்கு மாறிவிடுவோம்.

நாலு கியர் தம்பியின் மைலேஜ் கணக்கைப் பகிடியாய் எடுக்க வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் அண்ணைக்கு வேண்டியது ஸ்கூட்டிதான். வீட்டில் இரண்டு பேர் ஓட்ட முடிந்த வண்டிதான் வண்டி.

சார்ஜ் போட்டாச்சு | 6 அக்டோபர், இரவு 8:00

44 கிலோமீட்டருக்கு மின் ஸ்கூட்டர் ஏன் யாருமே சொல்லவில்லை? அதற்கு ஜிஎஸ்டி முன்பிருந்தே 5 சதவீதம். கியரும் இல்லை, மனைவியும் ஓட்டலாம்.

வேளச்சேரி வெள்ளம் | 6 அக்டோபர், இரவு 8:25

அதிலும் காத்திருப்பு இருக்கிறது நண்பா. ஏப்ரல் 4இல் சீனா சில அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றில் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதி கட்டாயம் என்றது. மின் வண்டி மோட்டாருக்குள் இருப்பது அந்தக் காந்தம்தான். ஆகஸ்டில் சேத்தக் மின் ஸ்கூட்டர் ஒன்றுகூடத் தயாராகாமல் போகலாம் என்று பஜாஜ் ஆட்டோ நிர்வாக இயக்குநர் ராஜீவ் பஜாஜே வெளிப்படையாகச் சொன்னார். பிறகு ஓரளவு சரியானது. பொன்மலை ஐயா கவனிக்கவும், அதே சேத்தக் பெயர், அன்றைக்கு லைசென்ஸ், இன்றைக்குக் காந்தம்.

கொடிக்கால் பையன் | 6 அக்டோபர், இரவு 8:40

மின் வண்டி யோசித்தேன். வண்டி நிற்பது ஓலைக் கொட்டகையில். அங்கே ராத்திரி முழுக்க சார்ஜ் போட அப்பா சம்மதிக்கவில்லை, எனக்கும் தூக்கம் வராது. அதை விட்டுவிடுவோம்.

பழைய ஷோரூம்காரன் | 7 அக்டோபர், காலை 10:30

ஒன்பது வருடம் இருசக்கர ஷோரூமில் இருந்தேன், இரண்டு வருடமாக வேறு வேலை. அதனால் கொஞ்சம் மனம் விட்டு எழுதலாம்.

முதலில் ஏன் இந்தத் தட்டுப்பாடு. ஆகஸ்ட் 15இல் பிரதமர் தீபாவளிக்குள் ஜிஎஸ்டி மாறும் என்றார். அன்றிலிருந்து கடையில் ஈ ஓட்டியிருப்பார்கள். செப்டம்பர் 3 ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் 350 சிசி வரை 28 சதவீதத்திலிருந்து 18 என்று முடிவானது. அமலுக்கு வந்த 22ஆம் தேதிதான் நவராத்திரி முதல் நாள். அதாவது ஆகஸ்டில் வாங்க வேண்டியவர், செப்டம்பரில் வாங்க வேண்டியவர், ஆயுத பூஜைக்கு வாங்குபவர், தீபாவளிக்கு வாங்குபவர், நாலு கூட்டமும் ஒரே வாசலில். தொழிற்சாலை அதே தொழிற்சாலைதான்.

இதோடு இன்னொரு தகராறு. 28 போய் 18 என்றால் விலையில் பத்து சதவீதம் குறையும் என்று நினைத்து வருவார்கள். 100 ரூபாய் வண்டி 128க்கு விற்றது, இனி 118. குறைந்தது 128இல் பத்து, அதாவது 7.8 சதவீதம். ஆக்டிவா 110இல் அதிகபட்சம் 7,874 ரூபாய் குறைந்தது. இதை விளக்கியே என் பழைய நண்பர்களுக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

இனி உங்கள் விஷயம். "வண்டி இல்லை" என்று கடையில் சொன்னால் அதற்குப் பெரும்பாலும் "நீங்கள் கேட்ட வண்டி இல்லை" என்றுதான் அர்த்தம். ஒரே ஸ்கூட்டரில் டிரம் பிரேக், டிஸ்க் பிரேக், புளூடூத் என்று மூன்று நாலு வகை, ஒவ்வொன்றிலும் ஐந்து ஆறு நிறம். கம்பெனி அனுப்புகிற லோடில் எல்லாரும் கேட்கிற வெள்ளையும் மேல் வகையும் ரெண்டு வரும், யாரும் கேட்காத நிறம் எட்டு வரும். அந்த ரெண்டு யாருக்குப் போகும்? முதலில் புக் பண்ணியவருக்கு என்று எழுதத்தான் ஆசை. முழுப் பணமும் கட்டியவருக்கு, லோன் கடையிலேயே போட்டவருக்கு, எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ் பில்லுக்கு வாய் திறக்காதவருக்கு. 5,000 அட்வான்ஸோடு "கேஷ்தான் சார், ஃபிட்டிங்ஸ் வேண்டாம்" என்றவர் பட்டியலில் கீழே போய்க்கொண்டே இருப்பார். நானும் அந்தப் பட்டியலைத் திருத்தியிருக்கிறேன். மறைக்க ஒன்றும் இல்லை.

ஆகவே போய் இப்படிக் கேளுங்கள். "எனக்கு எப்போது வரும்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் எப்போதும் "அடுத்த வாரம்". "இந்த மாடலில் இன்றைக்கு யார்டில் என்ன வகை, என்ன நிறம் இருக்கிறது, சேசிஸ் நம்பரோடு காட்டுங்கள்" என்று கேளுங்கள். யார்டு என்பது கடைக்குப் பின்னாலோ ஊருக்கு வெளியிலோ இருக்கும் கொட்டகை. ஷோரூமில் நிற்பது மட்டும் ஸ்டாக் இல்லை.

சேசிஸ் நம்பரில் பத்தாவது எழுத்து பல கம்பெனிகளில் தயாரித்த ஆண்டைக் காட்டும், 2025க்கு ஆங்கில எஸ். ஆர்சியில் தயாரித்த மாதமும் ஏறும், நாளைக்கு விற்கும்போது அதை வைத்துத்தான் பேரம். "நாளைக்கே சாவி" என்கிற பைக்கிலும் அதைப் பார்த்திருக்க வேண்டும். தட்டுப்பாட்டுக் காலத்தில் நாலு வண்டி சும்மா நின்றால் ஏன் நிற்கிறது என்று ஒரு கேள்வி வரத்தானே வேண்டும்?

வகை பற்றி இன்னொன்று. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து வண்டி விலை ஒரு லட்சம் வரை என்றால் ஆயுள் வரி 10 சதவீதம், தாண்டினால் 12. மேல் வகை 1,02,000 என்றால் வரி 12,240. அதே வண்டியின் கீழ் வகை 96,000 என்றால் 9,600. விலையில் ஆறாயிரம் வித்தியாசம் என்று நினைப்பீர்கள், கையிலிருந்து போவது எட்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.

ஃபிட்டிங்ஸ் பட்டியலில் சாரி கார்டுக்குத் தனிக் காசு கேட்டால், பின்னால் உட்காருபவர் துணி சக்கரத்தில் சிக்காமல் மறைப்பு வேண்டும் என்பது மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். சண்டை வேண்டாம். அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டேன் என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அந்த எண்ணைச் சொன்னாலே பாதி வேலை முடியும் என்பது என் அனுபவம்.

நாலு கியர் | 7 அக்டோபர், முற்பகல் 11:02

"ஏன் நிற்கிறது" என்பதற்கு ஒரு பதில் என்னிடம் இருக்கிறது. நாடே ஸ்கூட்டர் பின்னால் ஓடுகிறது, நல்ல பைக்கை யாரும் மதிப்பதில்லை.

மணப்பாறை முறுக்கு | 7 அக்டோபர், முற்பகல் 11:10

தம்பி, லட்சக்கணக்கில் விற்கிற வண்டிக்காக நீங்கள் கண்ணீர் விட வேண்டாம்.

கொடிக்கால் பையன் | 9 அக்டோபர், இரவு 10:15

நேற்று அரை நாள் விடுப்பு போட்டு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் இதுவரை அந்தக் கடைக்கு வந்ததில்லை. புக் பண்ணியது நான், நிறம் சொன்னது நான், வகை சொன்னது நான்.

ஷோரூம்காரன் அண்ணன் சொன்ன மாதிரியே கேட்டேன். விற்பனைப் பையன் மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். யார்டில் நான் புக் பண்ணிய அதே ஸ்கூட்டர் ஆறு நிற்கிறதாம்! நான் கேட்டது வெள்ளை, டிஸ்க், புளூடூத். அது இல்லை. நிற்பது எல்லாம் டிரம் பிரேக், அலாய் சக்கரம். நாலு கறுப்பு, ஒன்று நீலம், ஒன்று ஏதோ மங்கிய பச்சை. கறுப்பும் நீலமும் பேசியாகிவிட்டதாம். "பச்சையை யாரும் கேட்கவில்லை சார், அதனால் உங்களிடம் சொல்லவில்லை."

ஒரு மாதமாக அந்த வண்டி அங்கே நிற்கிறது. நான் ஒரு மாதமாக எக்ஸ்எல்லில் அந்தக் கடையைத் தாண்டிப் போகிறேன்.

மனைவி கேட்டாள்: "புளூடூத் எதுக்கு? ஓட்டும்போது யாரோட பேசப் போறோம்?" பதில் இல்லை. டிஸ்க் பற்றி மட்டும் கொஞ்சம் வாதாடினேன், மெயின் ரோட்டில் 44 கிலோமீட்டர் என்று. அதில் இன்னும் எனக்கு மனக்குறைதான். ஸ்பேனர் அண்ணன், டிரம் போதுமா?

பச்சை நிறத்தைப் பார்த்து அவள் சொன்னது: "வெத்தல கலர்தானே, நம்ம ஊருக்குப் பொருத்தம்."

பைக் சேசிஸ் நம்பரையும் சும்மா கேட்டுப் பார்த்தேன். நாலில் இரண்டு போன ஆண்டு வண்டி.

ஸ்பேனர் 10-11 | 10 அக்டோபர், காலை 6:40

டிஸ்க் நல்லது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மழையில், அறுபதுக்கு மேல் போனால் வித்தியாசம் தெரியும். ஆனால் 125 ஸ்கூட்டரில் இடது பிரேக்கைப் பிடித்தாலே முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடு இருக்கும். ஐம்பதில் போங்கள், லாரி பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், டிரம் போதும். மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை பிரேக் ஷூ தூசி தட்டச் சொல்லுங்கள், கடையில் கேட்காமல் செய்ய மாட்டார்கள். அடியில் துரு பிடிக்காமல் கோட்டிங் அடிப்பதற்கு மட்டும் காசு கொடுங்கள், உங்கள் ஊருக்கு அது வீண் செலவு இல்லை. சீட் கவர், மேட், தண்டவாளம் மாதிரி கம்பி எல்லாம் வேண்டாம்.

ஆடிக் காற்று பற்றிச் சொன்னதை மறக்க வேண்டாம். அந்த ரெண்டு மாதம் வேனில் போங்கள்.

பழைய ஷோரூம்காரன் | 10 அக்டோபர், காலை 9:00

பச்சை! எனக்குத் தெரியும். எங்கள் காலத்தில் அது பழுப்பு.

எடுப்பதாக இருந்தால் பச்சை நிறத்துக்கு நன்றியாக ஃபிட்டிங்ஸில் ஏதாவது குறைக்கச் சொல்லுங்கள். யாரும் கேட்காத வண்டியை எடுக்கிறவருக்குத்தான் பேரம் பேசும் உரிமை. அப்புறம் டெலிவரி அன்று டயர் காற்று, பேட்டரி தேதி, ஓடோமீட்டர் மூன்றையும் நீங்களே பாருங்கள். ஒரு மாதம் யார்டில் நின்ற வண்டிக்குப் பேட்டரி இறங்கியிருக்கும், சார்ஜ் ஏற்றித்தான் தர வேண்டும்.

கொக்குவில் காற்று | 10 அக்டோபர், மாலை 6:30

ஆறு ஸ்கூட்டி நிற்கிற இடத்தில் நிறம் சரியில்லை என்று யோசிக்கிற நாடு. வாழ்க.

கொடிக்கால் பையன் | 18 அக்டோபர், இரவு 9:00

வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்துவிட்டோம். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், கொட்டுகிற மழையில். அண்டர்கோட்டிங்குக்கு மட்டும் காசு. சாரி கார்டு சும்மா வந்தது, 1915 என்ற எண்ணைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. மீதி 'ஹேண்டிலிங்' என்று பில்லில் ஒரு தொகை போட்டிருந்தார்கள், எதைக் கையாண்டீர்கள் என்று மனைவி கேட்டாள், அதை அடித்துவிட்டார்கள்.

கடையிலிருந்து வீடு வரை ஓட்டியது அவள். நான் பின்னால் குடையோடு.

மணப்பாறை முறுக்கு | 18 அக்டோபர், இரவு 9:08

குடை பிடித்துக்கொண்டு பின்னால் உட்காருவது ஆபத்து, அடுத்த முறை மழைக் கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மற்றபடி மிகவும் சந்தோஷம்.

நாலு கியர் | 8 நவம்பர், காலை 8:15

செய்தி பார்த்தீர்களா? அக்டோபரில் மட்டும் நாடு முழுக்க 31 லட்சத்துக்கும் மேல் இருசக்கர வண்டி விற்றிருக்கிறது. அதில் ஒன்று வெற்றிலைப் பச்சை. மைலேஜ் என்ன வருகிறது அண்ணாச்சி? உண்மையைச் சொல்லுங்கள்.

கொடிக்கால் பையன் | 8 நவம்பர், இரவு 7:50

நான் ஓட்டினால் 46. அவள் ஓட்டினால் 51. இதற்கு மேல் கேட்காதீர்கள்.

வேளச்சேரி வெள்ளம் | 8 நவம்பர், இரவு 8:10

அந்த எக்ஸ்எல்லை என்ன செய்தீர்கள்? கொடுப்பதாக இருந்தால் எனக்குத் தெரிந்த ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார், காய்கறி வியாபாரம். நல்ல விலை தருவார்.

கொடிக்கால் பையன் | 8 நவம்பர், இரவு 8:35

எக்ஸ்சேஞ்சில் 6,000 தருவதாகக் கடையில் சொன்னார்கள். அப்பாவிடம் கேட்டேன். எழுந்து போய் வண்டிச் சாவியை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு கொடிக்காலுக்குப் போய்விட்டார். உங்கள் நண்பரை வேறு இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.